முழங்கால் மாற்றி 8 மாதம் ஆகியும் வலி: அடுத்து எதைப் பார்ப்பது?

உம்பிலோ மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 69 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. வலது முழங்கால் மாற்றி 8 மாதம் ஆகிறது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதாம். ஆனால் உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலைந்து அடி வைக்க முடியவில்லை, நடக்க நடக்கத் தணிகிறது. இரவில் தழும்பின் உட்பக்கம் எரிகிறது, போர்வை பட்டாலே சுள்ளென்கிறது. 95 டிகிரிதான் மடங்குகிறது. காய்ச்சல் இல்லை. வலிக்கு பனடோவும் (பாராசிட்டமால்) மைப்ரோடோலும் எடுக்கிறார். ஆன்டிபயாட்டிக் ஒரு கோர்ஸ் போட்டுப் பார்க்கலாமா? மறுபடி ஆபரேஷன் தேவைப்படுமா?

மேர்பேங்க் ஆர்த்தோ நர்ஸ்:
தங்கச்சி, ஆன்டிபயாட்டிக்கைத் தொடவே வேண்டாம். மூட்டில் மெதுவான கிருமித்தொற்று இருந்தால் அந்த மருந்து கிருமியைக் கொல்லாமல் மறைத்துவிடும், பிறகு கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஒன்றும் வளராமல் போகலாம். ஏற்கெனவே போட்டிருந்தால் நிறுத்தி இரண்டு வாரமாவது விட்டுத்தான் மூட்டு நீர் எடுப்பார்கள்.

காய்ச்சல் இல்லை என்பதால் தொற்று இல்லை என்று ஆகாது. முதலில் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். ரத்தச் சோதனைகள் இரண்டும் பாருங்கள். இந்தக் கட்டத்தில் சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மி.கி.க்கு மேல் இருந்தால், அல்லது குறைவாக இருந்தும் சந்தேகம் நீங்காவிட்டால், மூட்டு நீர் எடுக்க வேண்டும். அதில் வெள்ளணு மைக்ரோலிட்டருக்கு 3,000-ஐத் தாண்டினால் தொற்று என்றே சந்தேகிப்பார்கள்.

எழுந்ததும் முதல் அடிகளில் வலிப்பது, எலும்பிலிருந்து செயற்கை மூட்டு தளர்வதன் அடையாளமாகவும் இருக்கலாம். ஒரே ஒரு எக்ஸ்ரே இதைச் சொல்லாது. ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த படத்தோடு, நின்றபடி எடுத்த புதுப் படத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டையும் படம் எடுங்கள். இடுப்புத் தேய்மானம் முழங்காலில் வலியாகத் தெரிவது அடிக்கடி தவறவிடப்படுகிறது.

காரணம் கையில் சிக்காமல் மறுபடி திறக்கச் சம்மதிக்காதீர்கள். அப்படிச் செய்தவர்களில் பலருக்கு வலி அப்படியே நிற்கிறது.

உம்பிலோ மகள்:
நன்றி அக்கா. ஊசி குத்தி நீர் எடுத்தால் அந்த வழியாகவே கிருமி போகாதா?

மேர்பேங்க் ஆர்த்தோ நர்ஸ்:
ஆபரேஷன் தியேட்டரிலோ அதுபோன்ற சுத்தமான அறையிலோ சர்ஜன் எடுத்தால் அந்த ஆபத்து மிகக் குறைவு. சாதாரண கிளினிக் மேசையில் வேண்டாம்.

சாட்ஸ்வர்த் ஃபிசியோ:
போர்வை பட்டால் சுள்ளென்பது நரம்பு வலி. தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பது பெரும்பாலோருக்கு வருவது, பயம் வேண்டாம். உட்பக்கம் ஒரே புள்ளியை விரலால் தட்டும்போது மின்சாரம் போல் ஓடினால், வெட்டுப்பட்ட சிறு நரம்பு முடிச்சிட்டிருக்கலாம். அந்த இடத்தில் மரப்பு ஊசி போட்டதும் வலி நின்றால் காரணம் அதுதான்.

மடக்குவதைவிட நீட்டுவதை முதலில் கவனியுங்கள். குதிகாலின் கீழ் சுருட்டிய துண்டை வைத்து, முழங்கால் தானாகத் தொங்கும்படி 10 நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டவே வேண்டாம், அது கால் மடங்கியபடியே இறுகப் பண்ணும். சைக்கிளில் முழுச் சுற்று வர 105–110 டிகிரி வேண்டும். அதுவரை சீட்டை உயர்த்தி, பெடலை முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிடுவது முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன்.

நம் மேட்டு வீடுகளின் படியில் இறங்கும்போது கால் நழுவுவதுபோல் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் மூட்டின் தசைநார் தளர்ச்சியையும் சர்ஜன் சோதிக்க வேண்டும். தொற்று இல்லை என்று உறுதியான பிறகு தொடைத்தசை வலுவுக்கு பயோகினெடிசிஸ்ட்டிடம் (உடற்பயிற்சி வழியே சிகிச்சை தருபவர்) போகலாம்.

டொங்காட் மருந்தாளர்:
மைப்ரோடோலுக்குள்ளேயே பாராசிட்டமால், ஐபுப்ரோஃபன், கோடீன் மூன்றும் இருக்கின்றன. கூடவே பனடோ போட்டால் பாராசிட்டமால் இரட்டிப்பாகிறது. எல்லாம் சேர்ந்து நாளைக்கு 4 கிராமைத் தாண்டவே கூடாது, ஒல்லியான முதியவர்களுக்கு அதைவிடக் குறைவு.

நரம்பு எரிச்சலுக்கு டுலோக்செட்டின் மாத்திரையை டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். 30 மி.கி.யில் தொடங்கி 60-க்கு ஏற்றுவார்கள். சர்க்கரை நரம்பு வலிக்கும் அதுவே உதவும். ட்ரமடோல் என்ற வலி மாத்திரையோடு சேர்ப்பது ஆபத்து. பிரஷருக்கு எனாலப்ரில் மாதிரி ஒன்றும் நீர் மாத்திரையும் எடுப்பவர் என்றால், ஐபுப்ரோஃபன் சேரும்போது சிறுநீரகம் அடிபடும். இந்த வாரமே கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) பாருங்கள், அம்மாவின் மாத்திரைப் பட்டியலையும் இங்கே போடுங்கள்.