மணலில் அடித்த பைல்: பக்கவாட்டில் 308-ஆ, 17-ஆ?

கரைமணல்: 350 மி.மீ. சதுர கான்கிரீட் பைல் (அடித்தளத் தூண்), 12 மீட்டர் மண்ணுக்குள் அடித்து இறக்குகிறோம். நீருக்கடியில் நடுத்தர இறுக்கமுள்ள மணல், உராய்வுக் கோணம் 33 டிகிரி, மூழ்கிய எடை கன மீட்டருக்கு 9 கிலோநியூட்டன். பக்கவாட்டுச் சுமை தரைமட்டத்தில், தலை கட்டில்லாதது, அதாவது சுழலத் தடையில்லை. உச்சச் சுமைக்கு ஆய்வாளர் புரோம்ஸ் 1964-இல் தந்த சூத்திரத்தில் போட்டால் 770 கிலோநியூட்டன் வருகிறது. பாதுகாப்புக்கு 2.5-ஆல் வகுத்து 308 என்று எழுதிவிடலாமா?

கணக்கன்: ஐயோ, வேண்டாம். அது குட்டை பைலுக்கான சூத்திரம். பைல் வளையாமல் கடப்பாறை போல முழுசாகச் சாய்ந்தால்தான் அது பொருந்தும். மணலின் விறைப்பு எண்ணை 3 மெகாநியூட்டன்/கன மீட்டர் என்று வைத்தால் உங்கள் பைலின் டி மதிப்பு (மண்ணோடு ஒப்பிட்டால் பைல் எவ்வளவு விறைப்பு என்று காட்டும் நீளம்) சுமார் 1.66 மீட்டர். நீளம் நான்கு டி-யைத் தாண்டினாலே, அதாவது 6.6 மீட்டருக்கு மேல் போனாலே, நெட்டை பைல். மண் தோற்பதற்கு முன் பைல் முறிந்துவிடும். பைல் முறியாமல் தாங்கும் வளைப்பு மொமென்ட் 120 கிலோநியூட்டன்-மீட்டர் என்றால் அதே புரோம்ஸ் முறையில் உச்சச் சுமை 80. வகுத்தால் 32. அடியில் எத்தனை மீட்டர் கூட்டினாலும் இது ஏறாது.

வளைகோடு: அந்த 32-உம் கணக்குக்கு மட்டும்தான். மேலே நிற்கும் கட்டடத்துக்கு பைல் முறிவதா பிரச்சினை? நகர்வதுதான் பிரச்சினை. தலை கட்டில்லாமல் 5 மி.மீ. நகர 17 கிலோநியூட்டனே போதும். புரோம்ஸை விட்டுவிட்டு பி-ஒய் வளைவுக்கு வாருங்கள், ஐயா; பைல் நகர நகர அந்தந்த ஆழத்து மண் எவ்வளவு எதிர்க்கும் என்று காட்டும் கோடு அது. 2026-இலும் கால்குலேட்டரா?

கணக்கன்: 17 சரி, மறுக்கவில்லை. ஆனால் அதுவும் கால்குலேட்டரில் வந்ததுதானே? உங்கள் பி-ஒய் மட்டும் வானத்திலிருந்து விழுந்ததா? டெக்சாஸில் மஸ்டாங் தீவில் 610 மி.மீ. இரும்புக் குழாய் பைல்களை இழுத்துப் பார்த்து, ரீஸ் குழு 1974-இல் வெளியிட்டதுதான் மணலுக்கான வளைவுகளுக்கு அடிப்படை. அதை 350 சதுர கான்கிரீட்டுக்கு நீட்டுவதும் ஊகம்தான்.

வளைகோடு: ஊகம்தான். ஆனால் அடுக்கடுக்கான மண், நீர் மணலை அரித்துப்போவது, பைலின் மேலே வார்க்கும் கான்கிரீட் கேப்புக்குள் தலை எவ்வளவு கட்டுண்டது, எல்லாவற்றையும் அதில் கொடுத்துப் பார்க்கலாம். தலையை முழுதாகக் கட்டினால் அதே 5 மி.மீ.க்கு 44 வரும்.

சைட்காரன்: அந்த 44-ஐ நம்பித்தான் ஒரு வேலையில் மாட்டினோம். பைல் தலையை உடைத்துக் கம்பியை வெளியே எடுக்கச் சொன்னால், ஒப்பந்தக்காரர் கம்பியையும் சேர்த்து அறுத்துவிட்டார். வரைபடத்தில் கட்டுண்ட தலை, சைட்டில் கிட்டத்தட்ட கீல். இன்னொன்று, மூன்று வரிசையாக நெருக்கி அடிக்கிறீர்களா? பின்வரிசை முன்வரிசையின் நிழலில்தான் நிற்கும். இடைவெளி பைல் அகலத்தைப் போல மூன்று மடங்கு என்றால் ஏ.ஏ.எஸ்.எச்.டி.ஓ. (அமெரிக்க நெடுஞ்சாலைத் துறைகளின் சங்கம்) தரும் குறைப்பு எண்கள் முன்வரிசையிலிருந்து 0.8, 0.4, 0.3.

கரைமணல்: ஒற்றை வரிசைதான். அப்படியானால் எதை எழுதுவது?

கணக்கன்: 17 எழுதுங்கள்.

வளைகோடு: முதல் முறையாக ஒத்துப்போகிறோம்!

சைட்காரன்: எழுதிவிட்டு, ஒரு பைலை ஜாக்கி வைத்துத் தள்ளியும் பாருங்கள். பைல்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2911 நான்காம் பகுதிப்படி 5 மி.மீ.க்கான சுமை, 12 மி.மீ.க்கான சுமையில் பாதி, இரண்டில் குறைந்தது. அடிக்கும்போதே மணல் இறுகியிருக்கும், 17-ஐ விடக் கூடவே வரலாம். ஆனால் அரிப்பு ஆழத்தைக் கழிக்காமல் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். பைல் நம்பியிருப்பது மேலே உள்ள அந்த மூன்று நான்கு மீட்டர் மணலைத்தான்.