குளச்சல் பக்கம் கடலோர வீடு: பாத்ரூமுக்கு எத்தனை லைட், எங்கே, எந்த வகை?

குளச்சல்வாசி:
பாத்ரூம் 8க்கு 5 அடி, உயரம் 9 அடி. கதவுக்கு மேல ஒரே ஒரு பல்புதான். கண்ணாடி முன்னால நின்னா முகமெல்லாம் நிழல். 8 அடி உயரத்துல பிவிசி சீலிங் அடிக்கப் போறோம். மெயின்ல எம்சிபி (லோடு கூடினா தானா விழுந்து கரண்டை நிறுத்துற சுவிட்ச்) மட்டும்தான் இருக்கு. உப்புக்காத்துல ஸ்டீல் ஃபிட்டிங் சீக்கிரமே துருவேறிட்டு. சுவிட்சை அணைச்ச பிறகும் எல்இடி மங்கலா மினுங்குது, ஏன்? அம்மா ராத்திரி எழும்புவாங்க, சென்சார் லைட் சரிப்படுமா?

தக்கலை வயர்மேன்:
அழகை அப்புறம் பார்ப்போம் அண்ணாச்சி. எம்சிபி ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான். ஈரக் கையில ஷாக் அடிச்சா அது விழாது. முதல்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே விழுற சுவிட்ச்) ஒண்ணு மாட்டுங்க, எர்த் சரியா இருக்கான்னு பாருங்க. மாட்டின உடனே சும்மா சும்மா விழுந்தா ஆர்சிசிபியைக் குத்தம் சொல்லி கழட்டிடாதீங்க. பழைய வயரிங்ல ஒரு ரூம் நியூட்ரலை (கரண்ட் திரும்பிப் போற வயர்) இன்னொரு ரூமுக்கு இழுத்திருப்பாங்க, இல்லேன்னா இன்வெர்ட்டர் லைனோட நியூட்ரல் கலந்திருக்கும். அதைப் பிரிச்சாதான் ஆர்சிசிபி விழாம நிக்கும். டெஸ்ட் பட்டனை மாசம் ஒருக்கா அமுக்கிப் பாருங்க.

மினுங்குறதுக்குப் பெரும்பாலும் ரெண்டு காரணம். சுவிட்சுல சின்ன இண்டிகேட்டர் இருந்தா அது வழியா கொஞ்சம் கரண்ட் போகும், அது தொல்லை மட்டும்தான். ஆனா சுவிட்சை பேஸ்ல (கரண்ட் வர்ற வயர்) வைக்காம நியூட்ரல்ல வச்சிருந்தா, அணைச்சாலும் ஹோல்டர்ல கரண்ட் நிக்கும். பல்பு மாத்த ஏறுறவனுக்கு அது எமன். சரிபார்க்கிற வரைக்கும் எம்சிபியை இறக்காம அதுல கை வைக்காதீங்க.

ஷவர் பக்கம் தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை சாதாரண ஃபிட்டிங் கூடவே கூடாது. உங்க சீலிங் அதுக்கு மேலதான், ஆனாலும் ஹேண்ட் ஷவர் தண்ணி அங்கேயும் எட்டும், ஐபி65 (பீச்சுற தண்ணியும் உள்ள புகாத வகை) போட்டுக்கிடுங்க. ஷவர் எல்லையிலிருந்து அடுத்த 60 சென்டிமீட்டருக்கு ஐபி44-ஆவது (தெறிக்கிற தண்ணி உள்ள போகாத வகை) வேணும். சுவிட்ச் கதவுக்கு வெளியே.

நாஞ்சில் லைட்டிங்:
40 சதுர அடிக்கு மொத்தம் 1300 லூமன் (வெளிச்சத்தோட அளவு) தாராளம். 7 வாட் டவுன்லைட் (சீலிங்ல பதிச்சு கீழ்நோக்கி எரியிற லைட்) ரெண்டு போதும்: ஒண்ணு ஷவருக்கு மேல, இன்னொண்ணு வாஷ்பேசினுக்கும் கதவுக்கும் நடுவுல. கருப்பு டைல்ஸ்னா வாட்டைக் கூட்டணும்.

முகத்து நிழலுக்குக் காரணம், வெளிச்சம் தலைக்குப் பின்னாலிருந்து வர்றதுதான். கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் முக உயரத்துல, அதாவது தரையிலிருந்து ஐந்தேகால் அடியில, 5 வாட் லைட் ஒவ்வொண்ணு வைங்க. இடமில்லைன்னா கண்ணாடி அகலத்துக்கு ஒரு நீள லைட்டை மேல வைக்கலாம், ஆனா தாடைக்குக் கீழ நிழல் விழத்தான் செய்யும். எல்லாம் 4000 கெல்வின் (வெளிச்சத்தோட நிறம்; எண் கூடினா நீலம் கலந்த வெள்ளை), சிஆர்ஐ 90 (நிறங்களை இயல்பா காட்டுற அளவு, 100-க்கு). 6500 வெள்ளையில முகம் வெளிறிப்போய் நோயாளி மாதிரி தெரியும். கடையில அதைத்தான் முதல்ல எடுத்து நீட்டுவாங்க.

கடலோரத்துல அலுமினிய பாடி பெயின்ட் உப்பி வெள்ளையா பூத்துடும். பாலிகார்பனேட் பாடி எடுங்க. சுவர் லைட்டுக்கு மேலயும் ரெண்டு பக்கமும் சிலிக்கான் அடிங்க, அடியில அடிக்க வேண்டாம். உள்ள கோர்க்கிற ஈரம் வழிஞ்சு போக வழி வேணும்.

குளச்சல்வாசி:
சீலிங்குக்கு மேல டிரைவர் (எல்இடிக்கு ஏத்த கரண்டை மாத்திக் கொடுக்கிற பெட்டி) வைக்கலாமா? மழையில கான்கிரீட் லேசா கசியும்.

தக்கலை வயர்மேன்:
கசிவை அடைச்சுட்டு வைங்க. டேப் சுத்தின ஜாயின்ட் வேண்டாம், மூடின பாக்ஸ்ல போடுங்க. வயரை டிரைவருக்குக் கீழ ஒரு வளைவு தொங்கவிட்டு ஏத்தினா, வழியிற தண்ணி அந்த வளைவுல சொட்டிடும்.

அம்மாவுக்கு சென்சார் வேண்டாம். எண்ணெய் தேச்சு அசையாம இருந்தா அணைஞ்சிடும். கதவோரம், தரையிலிருந்து ஒரு அடி உயரத்துல 1 வாட் மஞ்சள் லைட் ஒண்ணு, தண்ணி தெறிக்காத பக்கமா, ராத்திரி முழுக்க எரியட்டும்.