சைக்கிளைச் சீலிங்கில் ஏற்றும் கப்பி: வேலூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வெளிநாடு வந்தவர்களுக்கு

காட்பாடி தம்பி கேட்டது:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். கனடாவில் வாடகை வீடு. ஒரு கார் நிற்கிற கராஜ், மூணு சைக்கிள். சீலிங்கில் மாட்டுற கப்பி கிட் வாங்கலாம்னு இருக்கேன். ஆனா இங்க நம்ம ஊர் மாதிரி ஃபேன் கொக்கி எதுவும் இல்ல. சீலிங்கைத் தட்டினா காலி டப்பா மாதிரி சத்தம் வருது. இதுல எப்படி 15 கிலோ சைக்கிளைத் தொங்கவிடறது? சீலிங் உயரம் 8 அடி.

ராணிப்பேட்டை அண்ணன்:

தட்டிப் பார்த்தது நல்லது தம்பி. அந்தக் காலி டப்பா சத்தம் வரும் இடத்தில் ஒரு ஸ்க்ரூகூடப் போடக் கூடாது.

நம் ஊரில் சென்ட்ரிங் போடும்போதே ஃபேன் கொக்கியைக் கம்பியோடு கட்டி காங்க்ரீட்டில் புதைத்துவிடுகிறார்கள். மாட்டிவிட்டு மறந்துவிடலாம். அங்கே மரச்சட்டத்தில் கட்டிய வீட்டில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது வெறும் ஜிப்சம் பலகை, கனம் 13 முதல் 16 மி.மீ. அது மூடி மட்டும்தான், எடை தாங்காது. எடையைத் தாங்குவது அதற்கு மேலே வரிசையாக ஓடும் ஜாயிஸ்ட் என்கிற மரச்சட்டம். பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் அண்ணாந்து பார்த்தால் தேக்குச் சட்டங்கள் வரிசையாகத் தெரியும் இல்லையா, அதே வேலைதான். இங்கே அது பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதில்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது.

வட அமெரிக்காவில் ஒரு ஜாயிஸ்ட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை பெரும்பாலும் 16 அங்குலம். மேலே பரண் மட்டும் இருக்கும் இடங்களில் 24 அங்குலமும் உண்டு. ஸ்டட் ஃபைண்டர் (பலகைக்குப் பின்னால் மரம் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி) இருந்தால் நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், குழாயையும் ஒயரையும்கூட மரம் என்று காட்டிவிடும். ஒரு சின்ன நியோடிமியம் காந்தத்தை நூலில் கட்டி, சீலிங்கை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். பலகையை மரத்தோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரே கோட்டில் மூன்று நான்கு ஸ்க்ரூ கிடைத்தால் ஜாயிஸ்ட் ஓடும் திசை தெரிந்துவிடும். அடுத்ததை 16 அங்குலம் தள்ளித் தேடுங்கள்.

பிறகு ஒரு சோதனைத் துளை. 2 மி.மீ. பிட்டை எடுத்து மெல்ல உள்ளே விட்டு, பிட்டில் என்ன வருகிறது என்று பாருங்கள். முதலில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி கொட்டும். அதற்கப்புறம் பிட் கொஞ்சம் இறுகி, வெளிர் மஞ்சளாகச் சுருள் சுருளாக மரத்தூள் வந்தால், பச்சை மர வாசனையும் கூடவே வரும், சரியான இடம். வெள்ளைப் பொடி நின்றதும் பிட் சட்டென்று உள்ளே விழுந்தால் அங்கே காற்றுதான் இருக்கிறது. இடமும் வலமும் அரை அங்குலம் தள்ளிப் போட்டுப் பார்த்து, மரத்தின் இரண்டு ஓரங்களையும் குறித்துக்கொண்டு நடுவைப் பிடியுங்கள். சட்டத்தின் அடிப்பக்கம் வெறும் ஒன்றரை அங்குல அகலம்தான். ஓரத்தில் போட்ட ஸ்க்ரூ மரத்தைப் பிளந்துவிடும்.

குடியாத்தம் அக்கா:

துளை போடுறதுக்கு முன்னாடி உயரத்தைக் கணக்குப் பண்ணிடு தம்பி. நிறைய பேர் இங்கதான் ஏமாறுறாங்க. பெரியவங்க சைக்கிள் சக்கரத்தின் அடியிலிருந்து ஹேண்டில்பார் வரை ஒரு மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். கப்பி, கொக்கி எல்லாம் சேர்ந்து இன்னும் 20 செ.மீ. எடுத்துக்கும். 8 அடி என்பது 2.44 மீட்டர். மிச்சம் என்ன? சைக்கிளை முழுசா ஏத்தினாலும் சக்கரத்தின் அடி தரையிலிருந்து 1.2 மீட்டரில் தான் நிற்கும். அது மார்பு உயரம். தலைக்கு மேல போயிடும், அடியில நடக்கலாம்னு நினைச்சா நடக்காது. காரின் பானெட்டுக்கு மேல, இல்லன்னா சுவரோரமா நடமாட்டம் இல்லாத இடத்தில வச்சாத்தான் பிரயோஜனம். சீலிங் 10 அடி இருந்தா அடியில 1.8 மீட்டர் கிடைக்கும், அது வசதி.

கராஜ் கதவு திறக்கும்போது சீலிங்கை ஒட்டியே உள்ளே வரும். கதவை முழுசா திறந்து வச்சிட்டு இடத்தை முடிவு பண்ணு. கதவை இழுக்கிற மோட்டாரும் அதன் தண்டவாளமும் நடுவில இருக்கும், அதுக்கும் இடம் விடணும். தீயை அணைக்கிற ஸ்ப்ரிங்க்ளர் குழாய் இருந்தா அதுல எதையும் கட்டாதே, பக்கத்திலயும் போகாதே.

வாடகை வீடுன்னா வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிடு, மெயில் போதும். பழைய வீடா இருந்து, சீலிங்கில் பாப்கார்ன் ஒட்டின மாதிரி சொரசொரப்பு இருந்தா, சோதனை பண்ணாம துளை போடாதே. அந்தப் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். நம்ம ஊர்ல ஷீட்டா கூரையில பார்த்ததையே இங்க பூச்சிலயும் கலந்திருக்காங்க. பிரிட்டனில் 1999-லும் ஆஸ்திரேலியாவில் 2003 கடைசியிலும்தான் முழுசா தடை வந்தது. அதுக்கு முந்தின வீடுன்னா கூடுதல் கவனம்.

ராணிப்பேட்டை அண்ணன்:

அக்கா சொன்ன உயரக் கணக்கு சரியாக வந்தால் மேலே போகலாம்.

கிட்டில் இரண்டு கப்பிச் சட்டம் (கப்பியைத் தாங்கிச் சீலிங்கில் பதியும் பகுதி), ரப்பர் போட்ட கொக்கிகள், கயிறு, சுவரில் கயிற்றைச் சுற்றும் கிளீட், ஸ்க்ரூ எல்லாம் இருக்கும். ஸ்க்ரூவை முதலில் அளந்து பாருங்கள். ஒன்றரை அங்குல ஸ்க்ரூவாக இருந்தால் ஒதுக்கி வையுங்கள். 16 மி.மீ. பலகையைத் தாண்டினால் மரத்துக்குள் 22 மி.மீ. மட்டுமே இறங்கும். குறைந்தது 38 மி.மீ. மரத்தைக் கடிக்க வேண்டும். கால் அங்குலத் தடிமனில் இரண்டரை அங்குல லேக் ஸ்க்ரூ (ஸ்பேனரால் முடுக்கும் தலை உள்ள தடித்த மர ஸ்க்ரூ) வாங்குங்கள். முதலில் 4 மி.மீ. துளை. ஸ்க்ரூ மரையில் கொஞ்சம் சோப்பைத் தேய்த்துவிட்டு ஸ்பேனரால் கையாலேயே முடுக்குங்கள். இம்பாக்ட் மெஷினால் முடுக்கினால் கடைசிச் சுற்றில் தலை முறிந்துவிடும், இல்லையென்றால் மரத்துக்குள் மரை அறுந்து ஸ்க்ரூ சும்மா சுற்றும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

இரண்டு கப்பிச் சட்டங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? ஹேண்டில்பாரில் கொக்கி மாட்டும் இடத்துக்கும் சீட்டில் மாட்டும் இடத்துக்கும் இருக்கிற அதே தூரம். சைக்கிளை நிறுத்தி அளந்துகொள்ளுங்கள், 65 முதல் 75 செ.மீ. வரை வரும். கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி ஒரு நட்டை நூலில் கட்டி மேலிருந்து விட்டுப் பார்த்தால் நேராக இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

சைக்கிள் ஜாயிஸ்ட் போகும் திசையிலேயே நின்றால் இரண்டு சட்டத்தையும் ஒரே மரத்தில் போடலாம், வேலை சுலபம். குறுக்கே நிற்க வேண்டும் என்றால் 16 அங்குலக் கணக்கு உங்கள் அளவோடு ஒத்துப் போகாது. இரண்டு இடைவெளி சேர்ந்தால் 81 செ.மீ., உங்களுக்கு வேண்டியது 70. ஒரு பக்கத்துக்கு 5 செ.மீ.தானே என்று விட்டுவிடாதீர்கள். சைக்கிள் கீழே இருக்கும்போது கயிறு நீளம், சாய்வே தெரியாது. மேலே போகப் போகக் கயிறு குறைந்து அதே 5 செ.மீ. பெரிய சாய்வாகிவிடும். கயிறு கப்பியின் பள்ளத்தை விட்டு ஏறிப் பக்கத்துத் தகட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். அப்போது சைக்கிள் மேலேயும் போகாது, கீழேயும் வராது.

அதற்கு வழி, டூ-பை-ஃபோர் கட்டை, அதாவது பெயரளவில் 2-க்கு 4 அங்குல மரம். சுமார் ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு கட்டையைச் சீலிங்கில் குறுக்கே வைத்து மூன்று ஜாயிஸ்ட்டில் பிடியுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்க்ரூ. அந்தக் கட்டையின் உண்மையான கனம் 38 மி.மீ. பலகை 16, மரத்துக்குள் 38, எல்லாம் சேர்த்தால் 92. ஆகவே 4 அங்குல ஸ்க்ரூ. கட்டை ஏறிவிட்டால் கப்பிச் சட்டத்தை அதில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். இதற்கு மட்டும் 32 மி.மீ. ஸ்க்ரூ போதும், கட்டையைத் தாண்டிப் போகாத நீளம்.

துபாயில் இருக்கும் ஆம்பூர் தம்பி:

அண்ணா, எங்க பில்டிங் காங்க்ரீட் ஸ்லாப். ஆங்கர் போல்ட் அடிச்சா போதுமா?

ராணிப்பேட்டை அண்ணன்:

மேனேஜ்மென்ட்டைக் கேட்காமல் அடிக்காதீர்கள் தம்பி. உயரமான கட்டடங்களில் போஸ்ட் டென்ஷன் ஸ்லாப் இருக்கலாம். அதன் உள்ளே முறுக்கேற்றி இழுத்துப் பிடித்த இரும்பு வடம் ஓடுகிறது. ட்ரில் அதில் பட்டால் ஸ்லாப்புக்கும் கேடு, உங்களுக்கும் ஆபத்து. சில கட்டடங்களில் ஸ்லாப்புக்குள் ஹாலோ பிளாக் இருக்கும், அதில் ஆங்கர் பிடிக்கவே பிடிக்காது. கெட்டி ஸ்லாப் என்று உறுதியாகத் தெரிந்து, துளை போட அனுமதியும் கிடைத்தால் இரும்பு ஆங்கர்தான். சுவரில் படம் மாட்டும் பிளாஸ்டிக் பிளக்கைச் சீலிங்கில் போட்டால், நேர் கீழ்நோக்கிய இழுப்பில் நாளடைவில் நழுவி வெளியே வந்துவிடும். ஃபால்ஸ் சீலிங்கின் தகரச் சேனலில் சைக்கிளை மாட்டுவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பலகைக்கும் ஜாயிஸ்ட்டுக்கும் நடுவே குறுக்குவாட்டில் பேட்டன் என்று ஒரு மெல்லிய சட்டம் இருக்கலாம். காந்தம் காட்டும் ஸ்க்ரூ வரிசை அந்தப் பேட்டனுடையதாக இருக்கும். பரணில் ஏறிப் பார்த்துவிட்டு இடத்தைக் குறியுங்கள்.

காட்பாடி தம்பி:

கயிறு எப்படிக் கோக்கறதுன்னு கிட் படத்தைப் பார்த்தும் புரியல அண்ணா. ஒருத்தர் தனியா இழுக்க முடியுமா?

ராணிப்பேட்டை அண்ணன்:

முடியும். கிணற்று ராட்டினத்தில் 15 கிலோ குடம் என்றால் கையும் 15 கிலோவை இழுக்க வேண்டும். அங்கே திசை மட்டும்தான் மாறுகிறது. இந்தக் கிட்டில் கொக்கியோடு ஒரு கப்பி சேர்ந்து மேலே ஏறுகிறது. கயிற்றின் ஒரு முனை மேல் சட்டத்தில் முடிச்சு, அங்கிருந்து இறங்கிக் கொக்கிக் கப்பியைச் சுற்றி, திரும்பவும் மேல் கப்பிக்கு. அதனால் பாரம் பாதி, கயிறு இரண்டு மடங்கு. சைக்கிள் ஒரு மீட்டர் ஏற இரண்டு மீட்டர் இழுக்க வேண்டும். 15 கிலோவுக்குக் கையில் ஏழரை, உராய்வும் சேர்ந்து ஒன்பது பக்கம் வரும்.

முன் கொக்கிக்கும் பின் கொக்கிக்கும் தனித்தனிக் கயிறு வந்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழுக்கும் மாதிரியைத்தான் நான் வாங்கச் சொல்வேன். இரண்டு முனையும் சமமாக ஏறும். ஒரே கயிறு இரண்டு கொக்கியிலும் ஓடும் மாதிரியில் இழுப்பு இன்னும் லேசுதான், ஆனால் பாரம் குறைந்த பக்கம் முதலில் ஏறிக்கொள்ளும், சைக்கிள் சாய்ந்து வரும். அதில் ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே ஏற்ற வேண்டும்.

கயிறு பாலியெஸ்டர் பின்னல், கிட்டில் சொன்ன அதே தடிமன். மெல்லிய கயிறு போட்டால், கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கின் பல் பிடிக்காது. நைலான் இழுபடும். வழவழப்பான பாலிப்ரோப்பிலீன் கயிற்றில் முடிச்சு நழுவும்.

பிரேக் என்பது பல் வைத்த ஒரு சின்ன உருளை. கயிற்றை ஒரு பக்கம் சாய்த்துவிட்டால் கடித்துக்கொள்ளும், மறுபக்கம் சாய்த்து இழுத்தால் விடும். அதை நம்பி மட்டும் சைக்கிளை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கயிற்றைக் கிளீட்டில் 8 போல மூன்று சுற்று சுற்றிக் கடைசியில் மடக்கிப் பூட்டுங்கள். கிளீட்டைச் சுவரிலும் உள்ளே நிற்கும் ஸ்டட் மரத்தில்தான் போட வேண்டும், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில். இறக்கும்போது முதலில் கயிற்றைச் சற்று கீழே இழுத்துப் பாரத்தைக் கைக்கு வாங்கிக்கொண்டு பிரேக்கை விடுவியுங்கள். கை மாற்றிக் கை மாற்றி இறக்குங்கள். கயிறு உள்ளங்கையில் வழுக்கி ஓடினால் தோல் கிழியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

குடியாத்தம் அக்கா:

சைக்கிளை மாட்டுறதுக்கு முன்னாடி அரிசி மூட்டை வச்சு சோதனை பண்ணு தம்பி. இந்தியன் கடையில் 20 பவுண்டு மூட்டை கிடைக்கும், ஒண்ணு 9 கிலோ. முன் கொக்கியில ஒண்ணு, பின் கொக்கியில ஒண்ணு, கெட்டியான பையில போட்டு, தரையிலிருந்து அரை அடி தூக்கி ஒரு ராத்திரி விடு. கப்பிச் சட்டம் நிற்கிற இடத்தைச் சுத்தி பென்சிலால கோடு போட்டு வை. காலையில சட்டத்துக்கும் சீலிங்குக்கும் நடுவே நூல் அளவு இடைவெளி தெரிஞ்சாலும் ஸ்க்ரூ மரத்தைச் சரியா பிடிக்கலைன்னு அர்த்தம்.

ஹேண்டில்பாரில் கொக்கியை நடுத்தண்டை ஒட்டி மாட்டு, பிரேக் ஒயர் கொக்கிக்கு அடியில நசுங்கக் கூடாது. பின்னாடி சீட்டுக்கு அடியில போடு. கேரியரில் மாட்டாதே. குழந்தைங்க சைக்கிள் நீளம் குறைவு, பெரியவங்க சைக்கிளுக்கு அளந்து போட்ட கப்பியில் அதை ஏத்தினா அண்ணன் சொன்ன அதே சாய்வுப் பிரச்சினை வரும். அதைத் தரையிலயே விடு, அவங்களே எடுத்துக்கட்டும்.

காட்பாடி தம்பி:

மூணுல ஒண்ணு பேட்டரி சைக்கிள் அக்கா.

ராணிப்பேட்டை அண்ணன்:

அதன் எடையைப் பாருங்கள், 20 முதல் 30 கிலோ வரை வரும். கிட் பெட்டியில் எழுதியிருக்கும் அளவு சிலவற்றில் 20 கிலோதான், 45 கிலோ தாங்குவதும் கிடைக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் இரண்டு மூன்று கிலோ குறையும், அதைக் கழற்றாமல் எந்தக் கிட்டிலும் ஏற்ற வேண்டாம். இன்னொரு கணக்கும் உண்டு. நீங்கள் கீழ்நோக்கி இழுக்கும்போது சீலிங்குக்குச் சைக்கிளின் எடையோடு உங்கள் கை இழுப்பும் சேருகிறது. 24 கிலோ சைக்கிளுக்குச் சீலிங்கில் 36 கிலோ. கை நழுவி அரை அடி விழுந்து பிரேக் வெடுக்கென்று பிடித்தால் அந்த நொடியில் இன்னும் பல மடங்கு. என் அபிப்பிராயம், பேட்டரி சைக்கிள் தரையிலேயே நிற்கட்டும், சாதாரண இரண்டும் மேலே போகட்டும்.

குளிர்காலத்தில் கராஜின் ஈரம் மாறும்போது மரம் சுருங்கும், ஸ்க்ரூ தளரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். கயிற்றில் பிரேக் கடிக்கும் இடம் எப்போதும் ஒன்றேதான், அங்கே மயிர் மயிராகப் பிரிந்திருந்தால் கயிற்றை மாற்றுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது சட்டத்தைக் கழற்றி, துளையில் ஸ்பாக்கிள் என்கிற பட்டியை அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, சீலிங் வெள்ளையை ஒரு கை பூசிவிடுங்கள். கட்டை போட்டிருந்தால் ஆறு துளை, மறக்காமல் எண்ணி அடையுங்கள்.