ஒயிட் டேக்கு அலுவலகத்தில் என்ன கொடுப்பது?

ஜப்பானில் வேலை பார்க்கும் நண்பர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். இங்கே பிப்ரவரி 14 அன்று பெண்கள்தான் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுக்கிறார்கள். உடன் வேலை செய்பவர்களுக்கு மரியாதைக்காகக் கொடுப்பது 'கிரி சோகோ'. எங்கள் பிரிவுப் பெண்கள் சேர்ந்து காசு போட்டு, ஆண்கள் எல்லாருடைய மேசையிலும் ரிப்பன் கட்டிய சின்னப் பெட்டி ஒன்று வைத்துவிட்டார்கள். மார்ச் 14, ஒயிட் டே அன்று நாங்கள் பதிலுக்குச் செய்தாக வேண்டும்.

குக்கீ என்றால் நட்பு, மிட்டாய் என்றால் காதல், மார்ஷ்மெல்லோ என்றால் 'உங்களைப் பிடிக்கவில்லை' என்று ஒரு கணக்கு வேறு இருக்கிறதாம். கிரி சோகோவை நிறுத்துவோம் என்று 2018-லேயே கொடிவா என்ற சாக்லேட் நிறுவனம் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது (சாக்லேட் விற்கிறவர்களே!). எங்கள் ஆபீஸில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆளுக்கொரு பெட்டியா, பொதுவில் ஒரே பெரிய பெட்டியா? பொதுவில் வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தனியாக நீட்டப்போய் யாராவது வேறு மாதிரி எடுத்துக்கொண்டால் வம்பு. ஊரிலிருந்து வந்த முந்திரி கத்லி வைக்கலாமா, இல்லை குக்கீயே போதுமா? அப்புறம், மேலாளரும் பெண்தான். அவருக்கும் அதேதானே, இல்லை கொஞ்சம் உசத்தியாகவா?