ரத்தப் பரிசோதனையில் 640 என்று வந்தும் ‘சரிதான்’ என்கிறார் டாக்டர். வயதானால் ரத்தம் மாறிவிடுமா?

கேள்வி:
எனக்கு 71 வயது. போன வாரம் இடது கெண்டைக்காலில் ஒரு வலி. நரம்பு இழுத்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாளாகியும் போகவில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுத்த என் அண்ணனுக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியானது நினைவுக்கு வந்ததும் பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன். அவர் டேப்பை வைத்து இரண்டு காலையும் அளந்தார். அரை சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ரத்தக்கட்டி கரையும்போது ரத்தத்தில் கலக்கும் துணுக்கை அளக்கும் டி-டைமர் பரிசோதனையில் 640. தாளில் ‘500க்குள்’ என்று போட்டு, என் எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். டாக்டரோ, “உங்க வயசுக்கு இது சரிதான், ஸ்கேன் வேண்டாம்” என்கிறார். சமாதானத்துக்குச் சொல்கிறாரா?

பதில் 1:
இல்லை ஐயா, கணக்கோடுதான் சொல்கிறார். எலும்பு வார்டில் 26 வருடம் செவிலியராக இருந்தவள் நான். வயது ஏற ஏற டி-டைமர் தானாகவே கூடும். அதனால் 50 தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரம்பு வைப்பார்கள். உங்களுக்கு 710. ஆனால் காலைப் பார்த்து, சந்தேகம் குறைவு என்று டாக்டர் முடிவுசெய்த பிறகுதான் இது செல்லும். அலகையும் பாருங்கள், சில லேப்கள் வேறு அலகில் தருவார்கள், அதற்கு இந்தப் பெருக்கல் பொருந்தாது.

வயதானால் ரத்தம் உறைந்து கட்டியாவது கூடும் என்பது உண்மைதான். 40 வயதுக்குக் கீழே வருடத்துக்குப் பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவது, 80 வாக்கில் ஆயிரத்தில் ஐந்தாறு பேருக்கு வருகிறது. காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைச் சதைதான். அது மெலிந்துவிடும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடித்து, அவற்றின் பின்னால் ரத்தம் தேங்கும். கட்டி பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான ஃபைப்ரினோஜென், எட்டாம் உறைகாரணி இரண்டும் ஏறும். உறைந்ததைக் கரைக்கும் திறன் குறையும்.

இத்தனை இருந்தும், வயது மட்டுமே கட்டியை உண்டாக்கி நான் பார்த்தது குறைவு. அறுவைச் சிகிச்சை, புற்றுநோய், நாள்கணக்கில் படுக்கை என்று ஏதாவது ஒன்று கூடவே இருக்கும். ஒரு பாட்டி வலி என்று வாயே திறக்கவில்லை. சாக்ஸைக் கழற்றும்போது ஒரு காலில் மட்டும் வளையம் ஆழமாகப் பதிந்திருந்தது. ஸ்கேனில் தொடை வரை கட்டி!

பதில் 2:
எனக்கு 68. ஆறு மாதமாக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். தொடங்குமுன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அளவு போட்டார்கள். இப்போது கட்டியைவிட, வழுக்கி விழுவதற்குத்தான் பயம். தலையில் அடிபட்டால் உள்ளே ரத்தம் கசியுமாம். குளியலறையில் கைப்பிடி வைத்துவிட்டேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அம்மா. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 640க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘என்ஜி/எம்எல் எஃப்இயு’ என்று இருக்கிறது. சரியா?

பதில் 1:
சரிதான் ஐயா, 710 அதற்குத்தான். ஆனால் அந்தக் கால் வீங்கினால் பழைய எண்ணைக் காட்டிச் சும்மா இருக்காதீர்கள், திரும்பப் போய்க் காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ நேராக அவசரப் பிரிவுக்கு. அப்புறம், உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள்.