வளவிலிருந்து பினாங்குக்கு: நேரலைக்குப் படத்தை அனுப்ப எந்த வழி கைகொடுத்தது?

கானாடுகாத்தான் உறுப்பினர்:
தை மாதம் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அறுபதாம் கல்யாணம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர்களுக்கு நேரலையில் காட்டும் பொறுப்பு என்னுடையது. நேரலையை இணையத்தில் பரப்பும் கிளவுட் சேவை படத்தை இரண்டு விதமாக வாங்கிக்கொள்ளும். நாம் அனுப்பினால் ஏற்கும். அல்லது நாம் கொடுக்கும் முகவரிக்கு வந்து தானே எடுத்துக்கொள்ளும். நான் ஆர்டிஎம்பி (RTMP) என்ற பழைய நேரலை முறையில் அனுப்பினேன். வைஃபை பெட்டி வீட்டு முகப்பில், ஹோமம் உள்ளே வளவில், அதாவது நடு முற்றத்தில். நடுவே இருக்கும் சுண்ணாம்புச் சுவர்களின் கனம் நமக்குத் தெரிந்ததுதானே! 4ஜி டாங்கிளை வளவின் திறந்த வெளியோரம், தூணடியில் வைத்துச் சமாளித்தேன்.

ஒத்திகையில் குறையே இல்லை. முகூர்த்த நேரத்தில் வீடு நிறைந்தது; எல்லார் கையிலும் செல்போன், 4ஜியில் நெரிசல். ஆர்டிஎம்பி, எதையும் விடாமல் வரிசையாகச் சேர்க்கும் டிசிபி (TCP) என்ற இணைய விதிமுறை மீது ஓடுவது. வழியில் தவறிய தரவுத் துண்டு திரும்ப வந்து சேரும்வரை பின்னால் வருபவை அனைத்தும் வரிசையில் காத்திருக்கும். கலச நீர் ஊற்றும் கை திரையில் பாதியில் நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று பினாங்கிலிருந்து அத்தை போனில் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

முன்னதாகவே ஏற்றிவைத்திருந்த எம்பி4 வீடியோக் கோப்புக்கு உடனே மாற்றினேன். அப்பச்சியின் பழைய புகைப்படங்கள் ஓடின. அந்த இடைவெளியில் எஸ்ஆர்டி (SRT) என்ற வேறு அனுப்பும் முறைக்குத் தாவினேன். இது வரிசைக்குக் காத்திராத யுடிபி (UDP) விதிமுறை மீது ஓடும். தவறிய துண்டை மட்டும், நாம் குறித்த தாமதத்துக்குள் கேட்டு வாங்கும். வராவிட்டால் விட்டுவிட்டு மேலே போகும். அந்தத் தாமதத்தை வழக்கமான 120 மில்லி வினாடியிலிருந்து 2000 ஆக்கினேன். படத்தை அனுப்பும் வேகத்தை வினாடிக்கு 6 மெகாபிட்டிலிருந்து 3 ஆகக் குறைத்தேன். மாலை மாற்றியதை அத்தை முழுதாகப் பார்த்தார்.

தேவகோட்டை உறுப்பினர்:
எங்கள் சிக்கல் வேறு, அண்ணே. பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டில் இணையத்தோடு இணையும் ஐபி கேமரா வைத்து, கிளவுட் சேவையே ஆர்டிஎஸ்பி (RTSP) என்ற கேமரா இணைப்பு முறை வழியாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பினேன். வீட்டு இணைப்புக்குப் பொது முகவரியே இல்லை. இணைய நிறுவனத்தார் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. எனவே வீட்டுக்குள் ஒரு சிறு கணினி வைத்தேன். அதில் ஓடும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற மென்பொருள் கேமராவிடம் படத்தை வாங்கி வெளியே அனுப்புகிறது. அப்போதும் திரை கறுப்பாகவே இருந்தது. கேமரா படத்தைச் சுருக்கும் முறை எச்.265-இல் இருந்தது, சேவையின் ஆர்டிஎம்பி உள்ளீடு எச்.264 மட்டுமே ஏற்கும். கேமராவில் மைக்கும் இல்லை. மௌன ஒலித்தடம் ஒன்றைச் சேர்த்த பிறகுதான் சேவை ஏற்றுக்கொண்டது.

காரைக்குடி உறுப்பினர்:
கல்யாணங்களுக்குப் படமெடுப்பது என் தொழில். கேமராவின் எச்டிஎம்ஐ வெளியீட்டை நேரே என்கோடரில் (படத்தைச் சுருக்கி இணையத்துக்கு அனுப்பும் கருவியில்) செருகினேன். முதல் பத்து நிமிடம் பெண்ணின் நெற்றிச்சுட்டிக்கு மேலே பேட்டரிக் குறியும் ஃபோகஸ் கட்டமும் நேரலையில் போய்க்கொண்டிருந்தன. மெனுவில் தகவல் காட்டுவதை நிறுத்தியதும் சரியானது. இப்போது வளவிலிருந்து முகப்புவரை எஸ்டிஐ (SDI) என்ற தொழில்முறை வீடியோ கேபிள்தான் இழுக்கிறேன். நீளமான எச்டிஎம்ஐ கேபிளில் படம் விட்டுவிட்டு வருகிறது.