"எனக்க அம்மை" என்று எழுதிய மாணவன்

விளவங்கோட்டு ஆசிரியை:
நான் மதுரைக்காரி. பணிமாறுதலில் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்துக்கு வந்த முதல் ஆண்டு, ஆறாம் வகுப்புக்கு "என் குடும்பம்" என்று கட்டுரை கொடுத்தேன். ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தான்: "எனக்க அம்மை விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போவாள். அம்மைக்க கையில் எப்போதும் அந்த மணம் இருக்கும்." எழுத்து விட்டுப்போயிற்று என்று நினைத்து, சிவப்பு மையால் "எனக்கு", "அம்மைக்கு" என்று திருத்தினேன். நோட்டைப் பார்த்தவன் மேசைக்கே வந்து, "அம்மைக்கு இல்லை டீச்சர், அம்மைக்க" என்றான். இரண்டு முறை சொன்னான். எனக்குப் புரியவில்லை.

மதிய உணவு வேளையில் உள்ளூர் ஆசிரியர் ஒருவர் விளக்கினார். இங்கே "எனக்க" என்றால் என்னுடைய; "அவனுக்க வீடு" என்றால் அவனுடைய வீடு. பையன் ஆறாம் வேற்றுமையைத் தன் ஊர்ப்பேச்சில் சரியாகவே போட்டிருந்தான். அதை நான்காம் வேற்றுமையாக்கிப் பொருளைக் கெடுத்தவள் நான். மறுநாள் வகுப்பிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து கரும்பலகையின் ஓரத்தில் "வீட்டில்", "ஏட்டில்" என்று இரண்டு பத்திகள். வீட்டுச் சொற்களைப் பிள்ளைகளே சொல்ல வேண்டும். ஏட்டுச் சொற்களைச் சேர்ந்து கண்டுபிடிப்போம். "எனக்க" உடனே மறைந்துவிடவில்லை. ஆனால் இப்போது அதை எழுதிவிட்டு அவர்களே அடித்துத் திருத்துகிறார்கள்.

சேலத்திலிருந்து ஒரு தாய்:
என் மகள் நான்காம் வகுப்பு. "என் இடை 24 கிலோ", "கர்ணன் பெரிய குடைவள்ளல்" என்று எழுதினாள். வகுப்பு சிரித்தது, "கவனக்குறைவு" என்று நோட்டில் குறிப்பு வந்தது. உண்மையில் அது அதிகக் கவனம். வீட்டில் நாங்கள் இலையை எலை என்போம், விலையை வெலை, குடையைக் கொடை. அவற்றையெல்லாம் பள்ளிக்காக இகரமும் உகரமுமாக மாற்றிப் பழகிய பிள்ளை, மாற்றக் கூடாத எடையையும் கொடையையும் சேர்த்து மாற்றிவிட்டாள். தானாக ஒரு விதியைக் கண்டுபிடித்தவள் அவள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஒரு வாரம் வகுப்பில் கை தூக்கவில்லை என்பதுதான் இன்னும் வலிக்கிறது.

முகாம் குழந்தைகளுக்குக் கற்பிப்பவர்:
இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்த ஒரு மாணவி டீச்சர், டயர் என்பவற்றை "ரீச்சர்", "ரயர்" என்று எழுதுவாள். நான் வட்டமிட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவளுடைய பாட்டி, பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த யாழ்ப்பாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துவந்து விரித்துக் காட்டினார். அச்சிலேயே அப்படித்தான் இருந்தது. நாம் டொராண்டோ என்று எழுதுவதை அங்கே ரொறன்ரோ என்கிறார்கள். ட, ர இரண்டுமே தமிழ் இலக்கணப்படி சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள். நம் "டீச்சர்" மட்டும் எப்படிச் சரியாகும்? இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தேர்வில் எதை எழுத வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி:
உங்கள் பரிவை மதிக்கிறேன், ஆனால் எனக்கு ஓர் அச்சம் உண்டு. பத்தாம் வகுப்பு விடைத்தாளைத் திருத்துபவர் வேறொரு பள்ளிக்காரர். அவருக்கு அந்தப் பிள்ளையின் ஊர்ப்பேச்சு தெரியாது, மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். ஆகவே ஏட்டு வழக்கைச் சிறு வகுப்பிலேயே உறுதியாகச் சொல்லித்தர வேண்டும். அதில் தளர்வு காட்டுவது பிள்ளைக்கு நன்மையாகாது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சொல்வதெழுதுதலில் "வாழை" என்று வாசிப்பதாக நினைத்து "வாளை" என்றே பல ஆண்டுகள் வாசித்திருக்கிறேன். வாளை ஒரு மீன். காதில் விழுந்ததை அப்படியே எழுதிய பிள்ளைகளுக்குத் தவறு போட்டிருக்கிறேன்.

விளவங்கோட்டு ஆசிரியை:
ஐயா, மதுரையில் வளர்ந்த என் நாக்கும் அப்படித்தான். இங்குள்ள பிள்ளைகள் பலருக்கு ழகரம் என்னைவிட நன்றாக வருகிறது. திங்கட்கிழமை சொல்வதெழுதுதல் இருக்கிறது. "எனக்க அம்மை" எழுதிய பையனையே வாசிக்கச் சொல்லப் போகிறேன்.